பார்த்தது தெரியணும்

டாக்டரம்மாவின் அலுவலகத்துக்கு எதிரே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, என்ஜினை அணைக்காமலே எங்கள் வீட்டுக்காரர் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டி அது. கூரைமேல் மஞ்சள் பலகை, உள்ளே இரண்டு பக்கமும் பிரேக், பயந்து பயந்து பிடித்தவர்களின் வியர்வையில் பிசுபிசுத்துப் போன ஸ்டீயரிங் உறை. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அன்று காலையிலிருந்து மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வக்கீலம்மா, நல்லா கேட்டுக்கோ," என்றார். "இன்னைக்கு உள்ள போய் எதுவும் பண்ணிக் காட்ட வேணாம். அப்பாதான் சொல்றேன், வீட்ல மாதிரி உன் இஷ்டத்துக்கு இரு. கையை ஆட்டணும்னா ஆட்டு. பேசப் பிடிக்கலையா, பேசாதே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வக்கீலம்மா எங்கள் பெண். ஒன்பது வயது. நாம் ஒன்று சொன்னால் அதில் மூன்று ஓட்டை கண்டுபிடித்துக் குறுக்கு விசாரணை செய்வாள் என்பதால் வந்த பெயர். அன்று எதையும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள், "சரிப்பா" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருந்துக்கடையில் அரை நாள் விடுப்புக்கு முதலாளியிடம் கெஞ்சிவிட்டு வந்த எரிச்சலில் நான் எதையும் யோசிக்கவில்லை.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்தப் பெண்ணுக்கு உதவி தேவை என்று அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு துணை ஆசிரியை வருவார், இரைச்சல் தாங்காதபோது போய் உட்கார ஓர் அமைதியான அறை கிடைக்கும், கூட்டமாகச் செய்ய வேண்டியதைத் தனியாகச் செய்துகொள்ளலாம். சொல்லாவிட்டால் இப்போது படிக்கிற தனித்திறன் வகுப்பில் அவளுடைய இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். பிள்ளை இப்படி அடிக்கடி விடுப்பு எடுத்தால் தாங்காது, வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று பொறுப்பாசிரியை இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. பிறகு பழைய பள்ளிதான்.

அங்கே வருடம் ஆரம்பித்த சில வாரங்களிலேயே எல்லாப் பாடப் புத்தகத்தையும் முடித்துவிடுவாள். அதன்பிறகு அவளுக்கு வேலை இல்லை. சும்மா உட்கார் என்பார்கள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. நெற்றியை மேஜையில் மெல்ல மெல்ல இடித்துக்கொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள், சுவரில் இடித்தாள். நெற்றியில் புடைப்போடு வீட்டுக்கு வருவாள். குழந்தை மருத்துவர் ஒருவர், ஆட்டிசமாக இருக்கலாம், முறையாகப் பார்த்துவிடுங்கள் என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் அங்கிருந்த ஓர் ஆசிரியை, இவள் இருக்க வேண்டிய இடம் இது இல்லை என்று சொல்லித் தனித்திறன் வகுப்புக்குத் தேர்வு எழுத வைத்தார். எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டாள். அடுத்து நேர்முகம் என்றார்கள். வகுப்பின் சூழலுக்குப் பிள்ளை ஒத்துப்போகுமா என்று பார்ப்பார்களாம். மருத்துவர் சொன்னதை இப்போது யாரிடமும் மூச்சு விடாதே, முதலில் இடம் கிடைக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: ஒருவரைத் தேர்வில் தேற வைப்பது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நன்றாக ஓட்டத் தெரிந்தவனெல்லாம் உரிமம் வாங்கிவிட முடியாது என்பார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு உன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. அதனால் கண்ணாடியைக் கண்ணால் மட்டும் பார்க்காதே, கழுத்தைத் திருப்பிப் பார். நிறுத்தக் கோட்டில் வண்டி நின்ற பிறகும் ஒரு கணம் இரு. "பார்த்தா மட்டும் போதாது. பார்த்தது தெரியணும்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட இதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வித்தையைத்தான் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்தார். சாப்பாட்டு மேஜையை அலுவலகமாக்கி, என் பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தினமும் சாயங்காலம் நேர்முகம் நடத்தினார். கண்ணைப் பார்க்க முடியவில்லையா, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கை படபடவென்று ஆட வந்தால் தொடைக்கு அடியில் வைத்துக்கொள். கேட்டவுடனே பதில் சொல்லாதே, யோசிக்கிற மாதிரி கொஞ்சம் இரு. அவர்கள் சிரித்தால் நீயும் சிரி. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேள். அவர் எப்படி இருந்தால் எனக்கென்ன என்று கேட்டாள் வக்கீலம்மா. அது சாலை விதி மாதிரி, காரணம் கேட்கக் கூடாது என்றார். விதி என்று சொன்னால் போதும் அவளுக்கு. பிடித்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். என் பெண்ணா இது என்று பெருமையாகவும் இருக்கும். நேர்முகம் முடிந்து, எவ்வளவு மரியாதை தெரிந்த குழந்தை என்று அவர்கள் சொன்ன அன்று, அவள் ஆசைப்பட்டபடி ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தார் அவள் அப்பா. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வகுப்பில் அவளுக்கு ஒரு நல்லதும் கிடைத்தது. கணக்கு சார். நாலு முனைச் சந்திப்பில் எந்தப் பக்கமும் அதிக நேரம் நிற்காதபடி சிக்னலை எப்படி மாற்றுவது என்று ஒரு கணக்குக் கொடுத்தாராம். பயிற்சி வண்டியின் பின்சீட்டிலேயே வளர்ந்தவளுக்கு அது அல்வா. மறுநாள் போய், உங்கள் கணக்கிலேயே ஒரு தப்பு இருக்கிறது, நடந்து போகிறவர்களை விட்டுவிட்டீர்கள் என்றிருக்கிறாள். பழைய பள்ளியாக இருந்தால் வாசலில் நிற்க வைத்திருப்பார்கள். அவர் நன்றி சொன்னாராம். "அவரு நெஜமாவே தேங்க்ஸ் சொன்னாரும்மா" என்று அவள் சொன்னபோது முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இவ்வளவு பாடும். அவளை அப்படிப் பேச வைத்த ஓர் இடம் இந்த ஊரில் அந்த வகுப்பு மட்டும்தான்.

மற்ற நேரமெல்லாம் அங்கே மணி, கைதட்டல், போட்டி, குழு குழுவாகக் கத்தல். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் தாங்காமல் அவள் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். ஆனால் யாருக்கும் தெரியாது. காலை முதல் மாலை வரை நேர்முகம் போலவே இருந்தாள். தங்கமான பிள்ளை என்றார் வகுப்பாசிரியை. வீட்டு வாசலைத் தாண்டியதும் பை ஒரு பக்கம் விழும், இவள் மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். முழங்கைக்குக் கீழே கடித்து வைத்துக்கொள்வாள். ஊருக்கெல்லாம் களிம்பு எடுத்துக் கொடுக்கிறவள் நான், வீட்டுக்கு வந்து என் பெண்ணின் பல் தடத்துக்குத் தடவிக்கொண்டிருந்தேன். காலையில் பள்ளி என்றாலே வாந்தி. "அங்க மூச்சு விடறதுக்குக்கூட யோசிக்கணும்மா" என்று ஒருநாள் சொன்னாள். அங்கேயும் நீ உன் இஷ்டப்படி இரேன் என்று சொல்லிப் பார்த்தேன். தெரிந்தால் இடம் போய்விடும் என்று அப்பா சொல்லியிருக்கிறாரே என்றாள். கையைப் படம் எடுத்துக்கொண்டு போய் வகுப்பாசிரியையிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டார்.

அப்படி இப்படி அலைந்துதான் இந்த டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினோம். பள்ளிகளுக்கு இவர் சொல்வதுதான் முடிவு.

நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். மெத்தென்ற தரைவிரிப்பு, குட்டையான நாற்காலிகள், அலமாரியில் மரக்கட்டைகளும் பொம்மைகளும். எங்கள் இருவரையும் சுவரோரமாக உட்காரச் சொல்லிவிட்டு, அவளுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து, எப்படி இருக்கே என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க எப்படி இருக்கீங்க?"

என் பக்கத்தில் இவருடைய கால் பிரேக்கைத் தேடுவதுபோல் தரையில் அழுந்தியது. அவள் இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருந்தன. பார்வை டாக்டரம்மாவின் புருவத்துக்கு நடுவில் இருந்தது. தோழிகள் உண்டா என்றதற்கு, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, உண்டு, சேர்ந்துதான் சாப்பிடுவோம் என்றாள். டாக்டரம்மா ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், இவள் சிரித்தாள். பேச்சுக்கு நடுவே டாக்டரம்மா கை தவறியதுபோல் மரக்கட்டைத் தட்டைக் கீழே தள்ளினார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் எழுந்து, பரவாயில்லை டாக்டர், நான் எடுத்துத் தருகிறேன் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தாள். அவளுடைய ஷூவுக்குள் விரல்கள் மடங்கி மடங்கி விரிவது மேல்தோலில் தெரிந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

எத்தனையோ பேரைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, எல்லாம் சரியாகச் செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற மனுஷன். அன்று அவள் ஒரு தப்பாவது செய்ய மாட்டாளா என்று கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் எழுந்தேவிட்டார்.

"டாக்டர், இது அவ இல்லீங்க. நான் சொல்லிக் குடுத்தது." அவள் பக்கம் திரும்பி, "கையை வெளிய எடு கண்ணு. அப்பாதான் சொல்றேன். போதும், உன் இஷ்டத்துக்கு இரு," என்றார்.

அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள். "எனக்கு இப்படி உக்காரத்தான் பிடிக்கும்ப்பா."

டாக்டரம்மாவின் பார்வை அவளை விட்டுவிட்டு இவர்மேல் திரும்பியது. அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளை வெளியே வரவேற்பில் இருக்கும் பெண்ணோடு உட்கார வைத்துவிட்டு வந்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு மேஜை, மூக்குக் கண்ணாடி, புருவ மத்தி என்று இவர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நான் கையில் இருக்கிற பல் தடத்தைச் சொன்னேன். வேண்டுமானால் கூப்பிட்டுச் சட்டைக் கையை ஏற்றிப் பாருங்கள் என்றேன். அதை வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றார் அவர், குரலை உயர்த்தாமல். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்ற அதே கேள்விதான்.

"ஒன்பது வயசுக் குழந்தையால இவ்வளவு நேரம் நடிக்க முடியுதுன்னா, சமாளிக்கத் தெரியுதுன்னுதானே அர்த்தம்? நான் பார்த்ததைத்தாங்க நான் சொல்ல முடியும்."

பாடம் கடினமாக இருப்பதால் சில பெற்றோர் இப்படிச் சலுகை கேட்டு வருவது உண்டு என்றும், கொஞ்ச நாள் பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள் என்றும் சொன்னார். மறுபடி பார்க்க வேண்டுமானால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாமாம். அடுத்த வருடம் அந்த இடத்தில் வேறு பிள்ளை இருக்கும். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். கெட்டவர் என்று திட்டிவிட்டாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

வரவேற்பறையில் வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களோடு நடைபாதைவரை நல்ல பிள்ளையாக வந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். கண்ணெல்லாம் மினுங்கியது.

"நான் ஏமாறலப்பா."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

தேர்வு நெருங்கும்போது தன் மாணவர்களிடம் அவர் ஒரு வேலை செய்வார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, இப்படி வலது பக்கம் திரும்புங்கள் என்பார். திரும்பினால் நுழையக் கூடாத ஒருவழித் தெரு. யார் சொன்னாலும் விதியை விடாதவன்தான் தேறுவான் என்று பாடம். பெண்ணுக்கும் அதையே செய்திருந்தார். மேஜையில் நேர்முகம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரி போதும், அப்பாதான் சொல்றேன், உன் இஷ்டத்துக்கு இரு என்பார். முதலில் எல்லாம் அவள் நம்பி, கையை வெளியே எடுத்து ஆட்டிவிடுவாள். ஏமாந்துட்டியே என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். போகப் போக அவள் ஏமாறுவதை நிறுத்திவிட்டாள். அதே வார்த்தை. வண்டியில் ஒரு தரம், அந்த அறையில் ஒரு தரம், அதே வார்த்தையைத்தான் மனுஷன் சொல்லியிருக்கிறார்.

"பாஸாப்பா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"பாஸ்," என்றார்.

வழியில் ரவுண்டானா வந்தபோது அவள் கேட்காமலே சுற்ற ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கண்ணைத் துடைக்க ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், இண்டிகேட்டரையும் அணைக்காமல் ஓட்டினார். அவள் பின்னாலிருந்து நன்றி சொன்னாள். அவள் ஒருநாளும் எங்களுக்கு நன்றி சொன்னவள் இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் எப்போதும்போல் மேஜைக்கு அடியில் போய்விடுவாள் என்று நான் தலையணையை எடுத்துக் கீழே போட்டு வைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்துகொண்டாள். இவர் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இனிமேல் தேர்வே கிடையாது, அப்பா செய்தது தப்பு, கண்ணியெல்லாம் ஒன்றுமில்லை, இது நம் வீடு, இங்கே நீ எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள். "சரிப்பா" என்றாள். அதே சிரிப்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போதும், வாயை மூடுங்க மாஸ்டர் என்று கத்திவிட்டேன். வாய் திறந்து நாங்கள் எதைச் சொன்னாலும் அது அவளுக்குத் தேர்வுதான். சொல்லாமல் எப்படிப் புரிய வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து போய், இருந்த மாவில் சப்பாத்தி போடுகிறேன் என்று சமையலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள். "உங்களுக்கு இன்னைக்கு எப்படிப் போச்சும்மா?" என்று கேட்டாள். என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கேட்டுவிட்டு என் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

அந்த நேரம் மாடி வீட்டில் சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். எந்திரம் கூரையைக் கிழித்துக்கொண்டு நேராகத் தலைக்குள் இறங்குகிற சத்தம். மேஜையில் இருந்த தண்ணீர் நடுங்கியது. அவள் உடம்பு விறைத்தது. ஓட வேண்டும், எங்காவது ஓடி ஒளிய வேண்டும் என்று அதன் ஒவ்வொரு நரம்பும் இழுத்தது எனக்குத் தெரிந்தது. அவள் அசையவில்லை. உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் நிரம்பி வழிந்தது. நான் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதுகளை அழுத்தி மூடினேன்.

அவள் என் கைகளைப் பிடித்தாள். முதலில் ஒன்றை எடுத்தாள், பிறகு மற்றதை. இரண்டையும் சேர்த்து, ஓசையில்லாமல், என் மடியில் திருப்பி வைத்தாள்.